தாகத்துக்கு முதலில் தண்ணீர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த விழாவில் வைத்தியத்துறை சார்ந்த ஒரு விடயத்தைப் பேசும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நாம் தெரிவு செய்தது, எல்லை கடந்து வரும் அந்நியர் ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றி. இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோருக்குத் தாகசாந்தி கொடுக்கும் ஊர் இது. ஆனால் அவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்பது எமக்குத் தெரியும். அது எதுவும் தெரியாத ஒருவர் முன்னால் வந்து நிற்கும்போதுதான் எமது கை தயங்குகிறது.

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாட் படகுகள் ஆழ்கடலுக்குப் போகின்றன. அவற்றில் போகிறவர்கள் எமது கணவன்மார், அண்ணன் தம்பிமார், பிள்ளைகள். அதே கடலில்தான் வேறு சிலரும் வருகிறார்கள். 2013 பெப்ரவரியில், எமது கிழக்குக் கரைக்கு அப்பால் தத்தளித்த ஒரு படகிலிருந்து 32 பேரைக் கடற்படையினர் மீட்டனர். உணவும் நீரும் இல்லாமல் இறந்துபோன 90 க்கும் மேற்பட்டோரின் உடல்களைக் கடலில் விட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். 2024 டிசெம்பர் 19 ஆம் திகதி, 100 க்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்தது. அவர்களில் சிறுவர்களும் பெண்களும் இருந்தார்கள். கண்ட மீனவரும் ஊர் மக்களும் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். பின்னர் கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்றனர். 2009 இல் பசியையும் தாகத்தையும் கண்ட மண் அது. வந்தவர்களின் மொழி அங்கே யாருக்கும் தெரியாது. மதமும் வேறு. ஆனாலும் தண்ணீர் தாமதிக்கவில்லை.

தாகம் எவ்வளவு அவசரமானது என்பதைச் சொல்வது வைத்தியர்களாகிய எமது கடமை. உணவில்லாமல் மனிதர் வாரக்கணக்கில் உயிரோடிருக்கலாம். நீரில்லாமல் சில நாட்களே தாங்கும், வெயிலில் அதிலும் குறைவு. கடல்நீரைக் குடித்தால் தப்பலாம் என்பது தவறு. அதன் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பைக் கழிக்கச் சிறுநீரகத்துக்குக் குடித்த அளவிலும் அதிகமான நீர் வேண்டும். ஆகவே குடிக்கக் குடிக்க உடல் வற்றும். பிறகு மயக்கம், பிதற்றல், வலிப்பு, மரணம். அவசர சிகிச்சைப் பிரிவில் இப்படி ஒருவர் வந்தால் நாம் ஆளடையாள அட்டையைக் கேட்டுவிட்டுச் சேலைன் ஏற்றுவதில்லை. ஏற்றிவிட்டுத்தான் பெயரையே கேட்கிறோம். விசாரணைக்கு நேரம் இருக்கிறது, தாகத்துக்கு இல்லை.

பாலைவன எல்லையிலும் இதே கதைதான். மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்காவின் அரிசோனாவுக்கு நடந்து வருவோர் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெயிலில் பல நாட்கள் நடக்கிறார்கள். அத்தனை நாட்களுக்கும் வேண்டிய நீரை ஒருவரால் சுமக்க முடியாது. அதனால் தொண்டர்கள் வழியில் தண்ணீர் போத்தல்களை வைக்கிறார்கள். 2008 பெப்ரவரியில் டானியல் மில்லிஸ் என்ற தொண்டர், தாயிடம் போக வந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் கண்டெடுத்தார். இரண்டு நாள் கழித்து, வனவிலங்குச் சரணாலயத்தில் தண்ணீர் வைத்தபோது, குப்பை போட்டதாக அவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. நீர் நிறைந்த போத்தலைக் குப்பை என்று கொள்ள அந்தச் சட்டத்தில் தெளிவில்லை என்று 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தச் சிறுமி இங்கே இருந்திருந்தால் தரம் 9 இல் படித்திருப்பாள்.

"தண்ணீர் கொடுத்தால் இன்னும் பலர் வருவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. அதன் உட்பொருளை யோசித்துப் பாருங்கள். வர எண்ணும் ஒருவருக்குப் பாடமாக, வந்துவிட்ட ஒருவர் சாகட்டும் என்பதே அது. எந்த நோயாளியையும் மற்றவருக்கு எச்சரிக்கையாக நாம் கைவிட முடியாது.

"சட்டச் சிக்கல் வரும், ஆட்கடத்தல் என்பார்கள்" என்ற பயமும் உண்டு. அது வீண் பயமல்ல. ஆனால் இலங்கை 1994 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையின் 98 ஆவது உறுப்புரை, தன் கப்பலுக்குப் பாரிய ஆபத்தில்லாதவிடத்து, கடலில் உயிராபத்தில் உள்ளவருக்கு உதவும் கடமையைச் சொல்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை என்பது உண்மை. ஆயினும் கடலில் உயிர் காக்கும் கடமை அகதியா இல்லையா என்று பார்த்து வருவதல்ல.

"எமக்கே போதாது" என்பது மூன்றாவது. படகில் அளவாகக் கொண்டுபோகும் தண்ணீர்தான், அதை நாம் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஊற்றிக் கொடுக்கச் சொல்லவுமில்லை. இயன்றதைக் கொடுத்து, கடற்படைக்கு அறிவித்து, உதவி வரும்வரை கண்பார்வையில் நின்றால் அதுவே பெரிய உதவி.

நாமும் மறுபக்கத்தில் இருந்தவர்கள்தான். 2006 டிசெம்பரிலும் 2007 ஜனவரியிலும் வாகரையிலிருந்து எமது சனங்கள் காடும் களப்பும் கடந்து ஆயிரக்கணக்கில் இந்தப் பக்கம் வந்தார்கள். 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால் வடக்கிலிருந்து படகேறிய 6 பேர், குழந்தைகளும் உட்பட, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அருகே ஒரு மணல்திட்டில் விடப்பட்டார்கள். இந்தியக் கரையோரக் காவற்படை அவர்களை மீட்டது. அதே ஆண்டு ஜூனில் அந்தக் கரையில் மயங்கிக் கிடந்த எமது முதிய தம்பதியரில் மனைவி பின்னர் வைத்தியசாலையில் இறந்துபோனார். ஓட்டமாவடிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகித்த காலங்களும் எமக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்தைத் தண்ணீருக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.

தண்ணீரோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. கொடுத்தவர்களைப் பிறகு எங்கே வைத்தார்கள், பிள்ளைகளுக்கு மருந்து கிடைத்ததா, உயிராபத்துள்ள இடத்துக்கே திருப்பி அனுப்பப்போகிறார்களா என்று கேட்பதும் அதன் தொடர்ச்சிதான்.

கடைசியாகச் செய்முறை. வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால், மேலதிகமாக ஒரு கான் தண்ணீரும் சில ஜீவனிப் பைக்கற்றுகளும் படகில் வைக்கச் சொல்லுங்கள். ஜீவனியைப் பைக்கற்றில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டும் கரைக்க வேண்டும். வற்றிய உடலுக்கு மடக்கு மடக்காக, இடைவிட்டுக் கொடுக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே வயிறு நிறையச் சோறு கொடுப்பது ஆபத்து, கஞ்சியாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் இதைக் கடலுக்குப் போகிற உங்கள் வீட்டுக்காரரிடமோ மகனிடமோ சொல்லுங்கள்.