முன்பணம் கொடுப்பதற்கு முன்
(மஹல்லா நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் திருவண்ணாமலை நம் கண்முன்னே வளர்கிறது. 1886-ல் நகராட்சி, 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்தின் தலைநகர், 2024-ல் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் 1,45,278 பேர் இருந்த ஊர் இது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தால் நம் கடைகளிலும் வியாபாரம் நடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஊர் வளர்ந்தால் வாடகையும் ஏறும். நெல்லும் மல்லாட்டையும் விளைந்த நிலத்தில் இன்று கல் நட்டு, கொடி கட்டி, மனை விற்கிறார்கள். நகையை விற்றும், வளைகுடாவில் பிள்ளை உழைத்து அனுப்பிய பணத்தைச் சேர்த்தும் நம் குடும்பங்கள் அதை வாங்குகின்றன. விலை குறைவு என்றால், ஏன் குறைவு என்று கேட்க வேண்டாமா?

நம்முடையது ஏரிப் பாசன பூமி. மழைநீர் ஓடை வழியாக ஏரிக்குப் போகும். வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் ஓடையும் வெறும் நிலமாகவே தெரியும். பெருமழை வந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும்.

2024 டிசம்பர் 1-ஐ மறக்க முடியுமா? புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். இறந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஊருக்குள் இடம் கிடைக்காத எளியவர்கள்தான் எங்கும் சரிவுக்கும் ஏரிக்கரைக்கும் தள்ளப்படுகிறார்கள்.

ஆகவே நாம் ஒரு முடிவெடுப்போம். முன்பணம் கொடுக்கும் முன் பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம், 'அ' பதிவேடு நான்கையும் பார்ப்போம். ஏரி, ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்றிருந்தால் விலகிவிடுவோம். ஊராட்சியில் கையெழுத்து வாங்கியாயிற்று என்பது மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று கேட்போம். மழைக்காலத்தில் ஒருமுறை போய், பக்கத்து நிலத்து விவசாயியிடம் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று விசாரிப்போம்.

படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பத்திரங்களை அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். மழை நாளில், சரிவிலும் ஏரிக்கரையிலும் குடியிருப்போர் எந்த மதத்தவரானாலும் அவர்கள் கதவைத் தட்டி அழைத்து வருவது நம் இளைஞர்களின் பொறுப்பு.

ஹலாலாகச் சேர்த்த பணம் பாதுகாப்பான கூரையாகட்டும். அல்லாஹ் நம் ஊர் மக்கள் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.