நிறத்தை அளத்தல்

செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஓர் அச்சகத்திலே திருமண அழைப்பிதழ் அச்சிடக் கொடுத்திருந்தேன். கணினித் திரையில் மஞ்சட்கிழங்கின் நிறமாகத் தோன்றியது, தாளிலே பச்சை பாய்ந்து வந்தது. “சரியாகத்தானே இருக்கிறது?” என்றார் அச்சகத்தார். அவர் குழல்விளக்கின் கீழ்ப் பார்த்தார். நான் வெயிலிற் பார்த்தேன். இருவர் கூற்றும் மெய்யே.

சராசரி மனிதக் கண் நிறத்தை உணரும் விதத்தை 1931-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் எண்களாக வகுத்தது. அன்று முதல் எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாயிற்று.

அச்சகத்தார் நூற்றுக்கணக்கான நிறக்கட்டங்களை அச்சிட்டு, மை உலர்ந்தபின், நிறமாலை ஒளிமானியால் ஒவ்வொன்றாக அளப்பர். கருவி தன் விளக்கையே பாய்ச்சுவதால் அறை வெளிச்சம் அதனை ஏமாற்றாது. ஆனால் முதலில் யந்திரத்தை ஒரு நிலையில் நிறுத்த வேண்டும். பின்னரே அதன் குணத்தைப் பதிய வேண்டும். நாளுக்கொரு குணம் காட்டும் யந்திரத்துக்குக் குணக்குறிப்பு எழுதி யாது பயன்? இவ்வரிசையை மறப்பவரே மிகுதி. அக்குறிப்பைக் கொண்டு கணினி மையின் அளவைத் திருத்தும். தாள் மாறினாலோ மீண்டும் அளக்க வேண்டும். வழவழப்புத் தாளின் கணக்கு, மை உறிஞ்சும் தாளுக்கு உதவாது.

எங்கள் அழைப்பிதழும் அளந்து, மறுபடி அச்சாயிற்று. வாங்கியவுடன், பழக்கதோஷம், அதனையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிற் பிடித்துப் பார்த்தேன்.