சம்பளத் துண்டில் இருக்கும் ஐந்து சொற்கள்

(பழுகாமத்துக்கு வந்திருந்த தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடம் பேசிய பேச்சு)



மலையில் இருந்து இறங்கி, வாவியைக் கடந்து, எங்கட படுவான்கரைக்கு வந்திருக்கிறீங்க. இங்கே தேயிலை இல்லை, வயல்தான். களவெட்டியில் நாங்கள் நெல்லைப் ‘பொலி’ என்று சொல்லுவோம். சூடு மிதிக்கும் இடத்துக்கென்று தனிச் சொற்கள் உண்டு. புதிதாக வருபவருக்கு அது விளங்காது. தொழிற் சட்டமும் அப்படித்தான். அதன் சொற்கள் தெரிந்தவர் கணக்குக் கேட்பார், தெரியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்.

முந்திய காலத்தில் போடியாரிடம் வேலை செய்த முல்லைக்காரருக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது. எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து இல்லை. உங்களுக்கு எழுத்து இருக்கு. செக்ரோல் இருக்கு, சம்பளத் துண்டு இருக்கு. வாசிக்கத் தெரிந்தால்தான் அது உங்களுக்குச் சாட்சி. அதனாலே இன்றைக்கு ஐந்து சொற்களை மட்டும் பார்ப்போம்.

முதலாவது சொல் ‘பேர்’. பெரட்டுக்குப் போய், சொன்ன கிலோக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். இது தோட்டத்துப் பேச்சுத்தான், ஆனாலும் மற்ற எல்லாக் கணக்கும் இந்தப் பேரில் இருந்துதான் தொடங்குது. வேலை செய்த நாளை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் துண்டோடு ஒத்துப் பாருங்கள். கைக்காசுக்குச் செய்த நாள் பேராக விழுந்ததா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது ‘ஊழியர் சேமலாப நிதி’. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டுவார்கள். தோட்டம் தன் பங்காக 12 போட வேண்டும். இரண்டையும் சேர்த்து அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். பெண்கள் 50 வயதிலும், ஆண்கள் 55 வயதிலும் இந்தப் பணத்தை எடுக்கலாம்.

மூன்றாவது ‘ஊழியர் நம்பிக்கை நிதி’. இது 1980இல் வந்தது. நூற்றுக்கு 3, முழுவதும் தோட்டத்தின் பங்கு. இதற்கென்று உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது.

நான்காவது ‘அடிப்படைச் சம்பளம்’. இதைத்தான் பலர் கவனிக்கிறதில்லை. கணக்கு விளங்குவதற்காகப் பழைய எண்களை எடுக்கிறோம். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய். அதில் அடிப்படை 500. மிச்சம் 230 ரூபாயும் வரவு, விலைப்பங்கு, உற்பத்தி ஊக்குவிப்பு என்று பிரிந்து கிடந்தது. 2019 ஒப்பந்தத்தில் மொத்தம் 750, அடிப்படை 700.

பார்த்தவர்கள், “இருபது ரூபாய்தானே கூடியிருக்கு” என்றார்கள். ஆயிரம் ரூபாய் கேட்டு நின்றவர்களுக்கு அது போதவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் உள்ளே பாருங்கள். சேமலாப நிதி அடிப்படையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. 500க்கு உங்கள் பங்கு 40, தோட்டத்தின் பங்கு 60, ஆக 100 ரூபாய். 700க்கு 56உம் 84உம், ஆக 140 ரூபாய். ஒவ்வொரு பேருக்கும் 40 ரூபாய் கூடுதலாக உங்கள் பேரில் சேர்ந்தது. பிறகு 2021இல் சம்பளச் சபை ஆயிரம் ரூபாய் என்று தீர்மானித்தபோதும் அது 900உம் 100உமாகத்தான் எழுதப்பட்டது. ஆகவே சம்பளம் கூடுது என்று இனி யார் சொன்னாலும், “எந்தச் சொல்லின் கீழே கூடுது?” என்று கேளுங்கள்.

ஐந்தாவது ‘பணிக்கொடை’. கிராஜுவிட்டி, சர்வீஸ் காசு என்றும் சொல்லுறது. கொடை என்ற பேரைக் கேட்டுத் தானம் என்று நினைக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தந்த உரித்து அது. ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விட்டு நிற்கும்போது, நாட்சம்பளக்காரராக இருந்தால், வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில்தான் கணக்கு. இருபது வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு 280 நாள் சம்பளம். நாளுக்கு 500 என்றால் ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம். 700 என்றால் ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். ஒரு சொல்லுக்குள்ளே 56,000 ரூபாய் வித்தியாசம் இருக்கு! வேலை முடிந்து 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தொழிலாளி இறந்துபோனால் அவரின் உரித்தாளிகளுக்குச் சேர வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். செக்ரோலில் ‘முத்தம்மா’, அடையாள அட்டையில் ‘முத்தம்மாள்’ என்று இருந்தால் கடைசிக் காலத்தில் அலைச்சல். பேரும் பிறந்த திகதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்குதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துத் திருத்துங்கள்.

துண்டில் பிழை கண்டால் முதலில் பெரிய கிளாக்கரிடம் அமைதியாகக் கேளுங்கள். சரிவராவிட்டால் தலைவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மேலே தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கு. வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபை இருக்கு. அங்கே மனுச் செய்யக் காலக்கெடு உண்டு, நாள் கடத்த வேண்டாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது துண்டைத்தான்.

லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை வையுங்கள். மாதா மாதம் துண்டை அதில் போடுங்கள். படித்த பிள்ளையைக் கூப்பிட்டு இந்த ஐந்து சொல்லையும் தேடச் சொல்லுங்கள். வெயிலிலும் மழையிலும் நீங்கள் எடுத்த கொழுந்தின் கணக்கு அது. வீட்டிலே ஒருவருக்காவது அதை வாசிக்கத் தெரிய வேண்டும்.