தோலால் தண்ணீர் குடிக்கும் உயிர்கள்

மழை விட்டதும் சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் கானில் இறங்கி, போத்தலில் தலைப்பிரட்டை பிடித்து லயத்துக்குக் கொண்டுவருவார்கள். வெளிநாடுகளில் இதே ஆசையோடு நியூட்டைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். தவளையின் உறவுதான் அது. பெரிதான பிறகும் வால் இருக்கும். இலங்கையில் நியூட் கிடையாது. ஆனால் நம்மைப் போலவே தேயிலை மலையான டார்ஜிலிங்கின் குளங்களில் உண்டு. 2015இல் அதைத் தனி இனமாகவே பிரித்து, இமயமலையின் பெயரைச் சூட்டினார்கள்.

தவளையானாலும் நியூட்டானாலும், இவை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல்தான் உறிஞ்சுகிறது. மூச்சிலும் பெரும் பங்கு தோல் வழியே நடக்கிறது. அதனால் தண்ணீரில் எது கலந்தாலும் நேரே உடம்புக்குள் போய்விடும். நியூட் சோர்ந்து கிடந்தால் மருந்து தேடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினால் அமோனியா உண்டாகும். நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அது அதன் தோலை அரிக்கத் தொடங்கிவிடும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரும் ஆகாது. சூடும் பகைதான். பெரும்பாலான நியூட்டுகளுக்கு 20 பாகைக்கு மேல் போகாத குளிர்ச்சி வேண்டும். நம் மலைக் குளிர் அதற்குத் தோதானது. ஆனாலும் வெயில் விழும் ஜன்னலில் வைத்த சின்னப் போத்தல் சீக்கிரமே கொதித்துவிடும்.

தீனியில் மண்புழுவுக்கு நிகர் இல்லை. மருந்து அடித்த மலையில் மட்டும் அதைத் தோண்டாதீர்கள். வெறும் இறைச்சித் துண்டையே கொடுத்து வந்தால் கல்சியம் போதாமல் எலும்பு மெலியும், கால் வளையும், தாடை இளகும். வைட்டமின் ஏ குறைந்தால் வரும் கேடு இன்னும் கொடியது. வளர்ப்புத் தேரைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். நாக்கில் பசை வற்றிவிடும். பூச்சி கண்ணெதிரே இருந்தும் பிடிக்க முடியாமல் தேரை பட்டினியில் மெலிந்துபோகும். ஆசைக்கு அளவில்லாமல் ஊட்டுவதும் தீங்குதான். வளர்ந்த நியூட்டுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை போதும். அது தன் உரிந்த தோலைத் தானே தின்றால் பயப்படாதீர்கள், அது இயல்பு.

தலைப்பிரட்டைக்குப் பாண், சோறு வேண்டாம். வேகவைத்த கீரையைக் கொஞ்சமாகப் போடுங்கள். முன்னங்கால் முளைத்ததும் அது தின்பதை நிறுத்திவிடும். நோய் என்று நினைத்துப் பிள்ளைகள் மேலும் மேலும் தீனி போட, தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துப்போகும். அந்த நாட்களில் அது தன் வாலைக் கரைத்துத்தான் உயிர் வாழ்கிறது. அப்போது அதற்குத் தேவை ஏறி உட்கார ஒரு கல். இல்லாவிட்டால் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆசியாவிலிருந்து செல்லப்பிராணி வியாபாரத்தோடு போனதாகக் கருதப்படும் ஒரு தோல் பூஞ்சை, நெதர்லாந்தில் நியூட்டின் உறவான தீச்சாலமாண்டர்களை ஏறக்குறைய அழித்தேவிட்டது. 2013இல்தான் அதற்குப் பெயரிட்டார்கள். அப்படியொரு நோய் இங்கும் வந்தால் என்ன ஆகும் என்று, நம் தலைக்கு மேலே இருக்கும் காட்டை நினைத்துப் பாருங்கள். 1853இல் கெலார்ட் என்ற இயற்கை ஆய்வாளர் விவரித்து, பிறகு அழிந்தே போனதாக நினைத்திருந்த புள்ளித் தவளை ஒன்று, 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு கிடைத்தது. வேறெங்கும் இல்லாத அந்த உயிர் இருக்கும் மலையடிவாரத்தில் நாம் குடியிருக்கிறோம். கடையில் வாங்கிய எந்த நீர்நில உயிரையும், செத்தாலும் பிழைத்தாலும், ஓடையில் விடாதீர்கள். அதன் தொட்டித் தண்ணீரை ஓடைக்கும் பீலிக்கும் தூரமாக, வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். கானில் பிடித்த தலைப்பிரட்டையைக் கடை உயிர்களோடு சேர்த்து வைக்காமல், கால் முளைத்ததும் பிடித்த கானிலேயே விடச் சொல்லுங்கள். விட்டுவந்த பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகு சாப்பிட உட்காரட்டும்.