பருவத்திற்கொரு கைவேலை, பிள்ளைக்கொரு பந்து
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி என்றதும் நாம் புத்தகத்தையும் தேர்வையும் நினைக்கின்றோம். விளையாட்டை நினைப்பதில்லை. "படிக்கிற பிள்ளைக்குப் பந்து எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கட்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் ஊர்ப் பிள்ளைகட்கு ஒவ்வொரு பருவமும் ஒரு கைவேலையைக் கற்றுத் தருகின்றது. கோடையில் நுங்கெடுத்த இரண்டு குரும்பைகளைக் குச்சியால் கோத்துக் கவைக்கம்பால் தள்ளினால் வண்டி ஓடுகின்றது. ஆடிக் காற்றில் பனையோலையை முள்ளில் செருகினால் காற்றாடி சுழல்கின்றது. ஐப்பசி மழையில் காகிதக் கப்பல். கார்த்திகையில், பெரியோர் துணையோடு, பனம்பூக் கரியால் செய்த மாவலி. இவற்றிற்குக் காசு வேண்டா. கண்ணும் கையும் போதும்.

பந்தும் அவ்வாறே. ஈர்க்கு நீக்கிய தென்னோலையைக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்தால் நாற்சதுரப் பந்து கிடைக்கும். மேலே பட்டாலும் நோகாது. சிறு பிள்ளைகட்கு ஏற்றது. கந்தல் துணியை உருட்டிக் கட்டி, பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக நறுக்கி மேலே இறுக மாட்டினால் எழும்பும் பந்து ஆகும். துணிப் பந்து ஏன் எழும்பவில்லை, டியூப் சுற்றியது ஏன் எழும்புகின்றது என்று பிள்ளைகளையே கேளுங்கள். சுவரில் கோடிட்டு அளக்கச் செய்யுங்கள். டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது விதி. நம் பந்து எவ்வளவு எழுகின்றது? பந்தின் சுற்றளவை நூலால் அளந்து விட்டத்தால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல் வரும். கணக்கும் அறிவியலும் இவ்விதம் கைக்குள் வந்துவிடுகின்றன.

பந்துக்குள் மற்றொரு பாடமும் உண்டு. கிரிக்கெட் பந்தின் உள்ளே தக்கையும் கம்பளி நூலும், மேலே தோல். மீரட் நகரில் அத்தோலைத் தைப்போரில் பலர் ஒடுக்கப்பட்ட மக்களே. பந்தைத் தைத்த கைக்கு ஆடுகளத்தில் இடமிருந்ததா? 1876இல் பிறந்த பல்வங்கர் பாலூ அத்தகைய குலத்தினர். புனேயில் ஆட்டத்தின் இடைவேளையில் பிறர் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, அவருக்குப் புறத்தே மண் குவளையில் தந்தனர். அவரோ 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1923இல்தான் அவர் தம்பி விட்டல், பம்பாய்ப் போட்டியில் இந்து அணித் தலைவரானார்.

ஆகவே விளையாட்டிடம் சிறு செய்தியன்று. அரசுப் பணத்தில் பேணப்படும் பொது இடங்களில் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடமும், வகுப்புதோறும் தேவையான விளையாட்டுப் பொருளும் வேண்டும் என்கின்றது. இவற்றைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

இளைஞர்களே! உங்களிடம் நாம் வேண்டுவன மூன்று. மாலைப் படிப்பிற்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளைகளை ஆடவிடுங்கள். பெண் பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி வேடிக்கை பார்க்கவிடாதீர்கள். அவர்கள் கையிலும் பந்தைக் கொடுங்கள். பந்து பொறுக்கும் வேலையை என்றும் ஒரே பிள்ளைக்கு ஒதுக்காதீர்கள். முறை வைத்து மாற்றுங்கள். நமக்குப் பிறர் செய்த ஓரவஞ்சனையை நம் பிள்ளைகளுள் மெலிந்தவனுக்கு நாமே செய்தல் தகாது.

தோற்றவன் கையை வென்றவன் பற்றும் பழக்கம் களத்தில்தான் பிறக்கின்றது. சமத்துவத்தைச் சட்டம் எழுதித் தந்தது. அதைப் பழகித் தருவது விளையாட்டு.