சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள்

இந்த வருடம் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி தங்கைகளே, வேலையில் சேருமுன் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள்.

இங்கிருந்து வடக்கே, இதே மெரினா கரையில் இருக்கிற அயோத்திக்குப்பத்தில் 1860-ல் பிறந்தவர் சிங்காரவேலர். ராஜாஜி சாலையில் இருக்கிற சென்னை கலெக்டர் ஆபீஸுக்கு அவர் பெயர்தான். நம் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டம் படித்து, உயர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆனவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று யோசித்துப் பாருங்கள்! அந்தக் கறுப்பு கவுனை 1921-ல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, தீயில் போட்டார். வெள்ளைக்காரன் கோர்ட்டில் இனி வாதாட மாட்டேன் என்றார். அப்போது அவருக்கு 61 வயது. 1923 மே முதல் நாள், இந்தக் கடற்கரையில்தான் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

வருமானமும் மரியாதையும் கொடுத்த தொழில்தான் அது. ஆனாலும் தான் நம்புவதற்கு எதிராக நிற்கிற தொழில் தனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்தார்.

அவரால் முடிந்தது, கையில் கொஞ்சம் வசதியும் இருந்தது. வாடகையும் வட்டியும் கழுத்தை நெரிக்கிற வீட்டுப் பிள்ளையிடம், "பிடிக்கலையா, விட்டுடு" என்று மைக் முன்னால் நின்று நான் சொன்னால் அது அநியாயம். சேர்ந்த பிறகு வெளியே வருவது நமக்குக் கஷ்டம். அதனால்தான், சேருவதற்கு முன்பே கேளுங்கள் என்கிறேன்.

என்ன கேட்பது? அது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். ஃபைபர் போட்டில் போய் வந்தால் முதலில் டீசல் செலவைக் கழிப்பார்கள். பிறகு போட்டுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மீதி ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். மீன் விழாத நாளில் நஷ்டம் யார் தலையில் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கணக்கு கண்ணெதிரே நடக்கும். இன்றைக்கு பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிற தம்பியைக் கேட்டுப் பாருங்கள். நேற்று ஒரு ஆர்டருக்கு வந்த பணம் இன்றைக்கு ஏன் குறைந்தது என்று அவனுக்குத் தெரியாது. பெட்ரோல் அவனுடையது, வண்டி அவனுடையது, விழுந்தால் காலும் அவனுடையது. அந்த வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போட்டில் ஏறுமுன் பங்கு கேட்கிற வீட்டுப் பிள்ளை, கம்பெனியில் மட்டும் ஏன் வாய் மூடி நிற்க வேண்டும்?

வேலை நடக்கிற இடத்தையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் இந்த லூப் ரோட்டோர மீன் கடைகளை அகற்றியபோது நம் தாய்மார்கள் நடுரோட்டில் உட்கார்ந்தார்களே, எதற்கு? போட்டு கரையேறுகிற இடத்தில் விற்றால்தான் அது மீன் வியாபாரம். அந்தப் போராட்டத்தின் நியாயம் 2024 ஆகஸ்டில் திறந்த புது மீன் மார்க்கெட்டிலும் இருக்கிறது. இந்தக் கரையை விட்டு அது போகவில்லை. மற்ற வேலைக்கும் அப்படித்தான். போக வர நான்கு மணி நேரம் பஸ்ஸில் நிற்க வைக்கிற வேலைக்குச் சம்பளம் சொல்லும்போது, அந்த நான்கு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்.

தாய்மார்களே, ஒரு வேண்டுகோள். "கடலுக்கு மட்டும் போகாதே" என்கிறீர்கள். சுனாமி பார்த்த வயிறு, அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வித்தியாசம் முகத்தில் படும்போதே தெரிகிற பிள்ளை ஒன்றிரண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும். அவனை ஏ.சி. ரூமில் உட்கார வைத்துவிட்டு, பிழைத்துக்கொண்டான் என்று நினைக்காதீர்கள். அலையைப் பார்த்தாலே குமட்டுகிற பிள்ளையை அப்பன் தொழில் என்று இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

வேலைக்கான ஆர்டர் கையில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள், சேர்ந்து படிப்போம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை ஒப்படைக்கச் சொல்லியிருந்தாலோ, டெபாசிட் கேட்டிருந்தாலோ, இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.