வைக்கத்துத் தெருவும் நம் ஊர்த் திடலும்

(கோவையை அடுத்த ஒரு கிராமத்துப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



ஜனங்கள் கிளர்ச்சி செய்து வெற்றி பெற்ற ஓர் இடத்தை, பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கிளர்ச்சி விளங்கும்படி எப்படி அமைப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இது இஞ்சினியருடைய வேலை என்று சிலர் நினைக்கலாம். கல்லும் சுண்ணாம்பும் அவருடைய வேலைதான். ஆனால் அங்கே என்ன இருக்க வேண்டும் என்பது நம்முடைய வேலை. அதையும் அவரிடமே விட்டுவிட்டால் ஒரு சிலையும், சுற்றி இரும்புக் கம்பியும், கம்பிக்கு ஒரு பூட்டும்தான் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் பூட்டைத் திறந்து மாலை போட்டுவிட்டு மறுபடியும் பூட்டுவதென்றால், அதற்கும் கோயில் உற்சவத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறேன்.

என் அபிப்பிராயம் ஒன்றுதான். ஜனங்களுக்கு எது மறுக்கப்பட்டதோ, எதற்காக அவர்கள் அடிபட்டுச் சிறை சென்றார்களோ, அது அந்த இடத்தில் தினமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அதுவே ஞாபகச் சின்னம். மற்றவையெல்லாம் அலங்காரமே.

எகிப்து தேசத்தில் கெய்ரோ நகரத்துத் தஹ்ரீர் சதுக்கத்தைப் பாருங்கள். 2011-ல் லட்சக்கணக்கான ஜனங்கள் 18 நாள் கிளர்ச்சி செய்து, ஏறக்குறைய 30 வருஷம் ஆண்ட முபாரக்கைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பின்னால் வந்த சர்க்கார் அந்தச் சதுக்கத்தைப் புதுப்பித்தது. எதை வைத்தார்கள் தெரியுமா? மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய ராம்சேஸ் என்ற அரசனுடைய கல்தூணையும், கர்னாக் கோயிலிலிருந்து ஆட்டுத்தலையும் சிங்க உடலும் கொண்ட நான்கு சிலைகளையும் 2020-ல் கொண்டுவந்து நிறுத்தினார்கள்! அதிகாரியை விரட்டிய இடத்தில் அரசனுடைய தூண்! இடம் அழகாகிவிட்டது; நடந்த சங்கதி மறைந்துவிட்டது.

நமக்கு நெருங்கிய வைக்கத்துக்கு வருவோம். அங்கே மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவர், புலையர் முதலியோர் நடக்கக்கூடாதென்று பலகை வைத்திருந்தார்கள். நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம். அதே ஈழவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிவந்தால் அவரும் நடக்கலாம்! அப்படியானால் தீட்டு உடம்பில் இருந்ததா, பேரில் இருந்ததா?

1924 மார்ச் 30-ந் தேதி புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர் மூவரும் ஒன்றாக நடந்தார்கள். நாயர் மட்டும் போகலாம் என்றது போலீசு. தோழர்களை விட்டுப் போகமாட்டேன் என்று அவரும் சேர்ந்தே கைதியானார். தலைவர்கள் சிறைப்பட்டதும், அவர்களுடைய கடிதத்தின்மேல் ஈரோட்டிலிருந்து பெரியார் சென்றார்; இரண்டு முறை சிறையிலிடப்பட்டார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் சென்று போராடினார்கள். 603 நாள் நடந்து, 1925 நவம்பரில் கிளர்ச்சி முடிந்தது. அப்போதுகூட மூன்று தெருக்கள்தான் எல்லோருக்கும் திறந்தன. கிழக்குத் தெருவுக்கு 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது.

அவ்வூரிலுள்ள பெரியார் நினைவகத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 8 கோடியே 14 லட்சம் ரூபாயில் புதுப்பித்து, 2024 டிசம்பர் 12-ந் தேதி இரு ராஜ்யத்து முதல் மந்திரிகளும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். காட்சிசாலையும் வாசகசாலையும் இருக்கின்றன. மெத்தச் சரி. ஆனால் போராட்டம் கட்டடத்துக்காக நடக்கவில்லை, தெருவுக்காக நடந்தது. ஆகையால் தெருவே பேச வேண்டும். பலகை நின்ற இடங்களில் தரையில் ஒரு கல்லைப் பதித்து, இதற்கு மேல் இன்ன ஜாதியார் வரக்கூடாதென்றிருந்தது என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதவேண்டும். முதல் நாள் நடந்த மூவர் பேரையும் எழுதவேண்டும். எல்லாம் ஒருவரே செய்தார் என்பது பெரியாரையும் அவதாரமாக்குவதற்குச் சமானம். நிழலும், உட்கார ஆசனமும், யாரும் ஏறிப் பேச ஒரு மேடையும் வேண்டும்.

“ஒழிந்துபோன பழங்கதையைத் தெருவில் எழுதுவானேன்?” என்று சில பெரிய மனிதர்கள் கேட்பார்கள். ஒழிந்தது பலகை, அதை எழுதிய புத்தி ஒழிந்ததா? நம் ஜில்லாவில் மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2-ந் தேதி மழையில் ஒரு சுவர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் ஆதிதிராவிடர்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அங்குள்ள ஜனங்கள் சொன்னார்கள். பெருந்தொகை செலவிட்டு வைக்கத்தை அழகாக்கிவிட்டு, நம் ஊரில் சுவர் எழுப்பினால் வைக்கத்துக்குப் போய்வந்த பிரயோஜனம் என்ன?

ஆகவே தோழர்களே! இன்று இரவு வீட்டுக்குப் போகும்போது, நம் தேர்முட்டித் திடலில் யார் யார் உட்காருகிறார்கள், டீக்கடை பெஞ்சில் யார் உட்காராமல் நின்றே குடிக்கிறார்கள், எந்தத் தெரு வந்ததும் யார் செருப்பைக் கையில் எடுக்கிறார்கள் என்று கண்ணைத் திறந்து பாருங்கள். அப்படி ஒருவரைக் கண்டால் அவருக்காக இரங்கிப் பேசவேண்டாம். வைக்கத்தில் மூவர் நடந்ததுபோல் அவரோடு சேர்ந்து நடந்து, பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு இடமில்லையென்றால் உங்களுக்கும் அங்கே இடம் வேண்டாம். கல் நடுவதற்கு சர்க்கார் பணம் வரவேண்டும். இதற்கு ஒரு காசும் வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம்.